பச்சைத்தோல் கட்டிய துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் மரியாதை. ஆயுத பூஜை அன்று மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, மோட்டார் கொட்டாயின் ஸ்பேனர் செட், தம்பியின் லேப்டாப் என்று நீளும் வரிசையில் கடைசி ஆளாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்து, இதற்கு மட்டும் மூன்று வைப்பார். குழலில் ஒன்று, விசைக்கு மேலே ஒன்று, தாத்தா கை பிடிக்கும் இடத்தில் ஒன்று. அந்த மூன்றாவது பொட்டு மரத்தில் விழாது. அங்கே ஆட்டுத்தோல் சுற்றித் தைத்திருக்கும்.

ஊர், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில். காட்டை ஒட்டிய நிலம். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் யானை வரும், மற்ற மாதங்களில் காட்டுப்பன்றி வரும், பன்றி வராத ராத்திரியில் பன்றி வருமோ என்ற பயம் வரும். தாத்தா புளியமரத்துப் பரணில் துப்பாக்கியோடு படுத்திருந்த காலம் அது. பெங்களூரிலிருந்து இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர், நாட்டை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது என்று சொல்வார். என்ன விலைக்கு என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும். ஒரு முறை 2 ஜோடி மாடு. இன்னொரு முறை மாடும் ஒரு வருஷத்துப் புளியும்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. அதற்கு அப்புறம் அது பயிர்க்காவல் துப்பாக்கி. வானத்தைப் பார்த்துச் சுட்டதுதான் அதிகம். எங்கள் பக்கத்துக் காடு 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வந்தபோது, தாத்தாவும் இல்லை, சுடுவதற்கு ஆளும் இல்லை. அப்பா லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

அப்பா போன பிறகு லைசன்ஸ் என் பேருக்கு மாறுவதற்கு 14 மாதம் ஆனது. அதுவரை துப்பாக்கி பாதுகாப்பில் இருக்க வேண்டும். எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டாம். ஈரச் சுவர் உள்ள இடம் என்பது மட்டும், அது திரும்பி வந்தபோது தெரிந்தது. குழலின் அடிப்பக்கம் நெடுக, சுவரில் சாய்ந்திருந்த கோட்டில், செங்காவி நிறத்தில் துரு. ஆட்டுத்தோலில் பூஞ்சை. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, "பழைய சாமான் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்குக் கோபம் வந்த வார்த்தை "சாமான்".

அந்தக் கோபத்தில்தான் நான் முதல் தப்பைச் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்றைப் 20 நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறார். மறுநாள் கடைக்குப் போய் 120 நம்பர் உப்புத்தாள் 4 வாங்கி வந்தேன். இரும்பைத் தொடக் கூடாது என்ற அறிவு இருந்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசன்ஸ் வேண்டும், சொந்தத் துப்பாக்கியாக இருந்தாலும். கட்டைதானே, மரம்தானே என்று பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சித்தப்பா எப்போதோ ஒரு கல்யாணத்துக்குக் கதவுக்கு அடித்த வார்னிஷில் மிச்சம் இருந்ததை இதற்கும் பூசியிருந்தார். அது மஞ்சள் மஞ்சளாக உரிந்து வந்தது. அடியில் வெளுத்த மரம் வந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் "புதுசு" ஆகிவிட்டது. பெருமையாகப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

கிருஷ்ணகிரியில் துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார். லைசன்ஸ் உள்ள பட்டறை. பேர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எல்லாருக்கும் பாய், எனக்கும் பாய். எழுபதைத் தாண்டிய மனிதர். லுங்கி, முழுக்கைச் சட்டை, கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி. நான் துப்பாக்கியை மேசையில் வைத்ததும் அவர் குழலைப் பார்க்கவில்லை, துருவைப் பார்க்கவில்லை. பின்கட்டை இரும்புக்குள் நுழைகிற விளிம்பில் கட்டை விரல் நகத்தை வைத்து, மரத்திலிருந்து இரும்பை நோக்கி மெல்ல இழுத்தார். டிக் என்று நகம் தட்டி நின்றது.

"யாரு தேச்சது?"

சொன்னேன்.

இன்னொரு பக்கம், நான் தேய்க்காத பக்கம், அதே மாதிரி இழுத்துக் காட்டினார். அங்கே நகம் மரத்திலிருந்து இரும்புக்கு இறங்கியது, தட்டவில்லை.

"கம்பெனியில மரத்தை இரும்பைவிட ஒரு மயிரளவு ஒசத்தி வெச்சிருப்பான் தம்பி. அடி பட்டா மரம் வாங்கிக்கும், காலப்போக்குல தேயும், தேஞ்சாலும் இரும்புக்குச் சமமா நிக்கும். நீ அந்த மயிரளவை எடுத்துட்ட. இனிமே அதைத் திருப்பிக் கொண்டாற முடியாது."

அரை மணி நேரத்தில் 70 வருடத்தைத் தேய்த்திருக்கிறேன். உள்ளுக்குள் எனக்குச் சுருக்கென்றது. பாய் அதைப் பெரிதுபடுத்தவில்லை. டீ சொன்னார்.

*

பி.எஸ்.ஏ என்றால் என் தலைமுறைக்கு எஸ்.எல்.ஆர் சைக்கிள்தான். அந்த ஏ என்பது ஆர்ம்ஸ் என்று எனக்கு இத்தனை வயதில்தான் தெரியும். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் அந்த ஊர்த் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை அவர்களுடையது. எங்கள் துப்பாக்கியின் பின்பக்க இரும்புத் தகட்டில் அது இருந்தது. அம்மா அதை இத்தனை வருடமும் ஏதோ சூலம் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்.

குழல் துளையின் அளவு .315 அங்குலம். இதற்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா .303. அந்த அளவில் தனியாருக்குத் துப்பாக்கி கொடுத்தால், பட்டாளத்திலிருந்து களவு போகும் தோட்டா அதில் ஓடும் என்ற பயம் அரசாங்கத்துக்கு. இதே பயத்தில்தான் 1907 வாக்கில் .450 அளவுப் பெரிய ரைபிள்களையும் இந்தியாவுக்குள் விடாமல் நிறுத்தினார்கள், இங்கிலாந்துக் கம்பெனிகள் அதற்கு மாற்றாக .470, .465 என்று புதுப் புது அளவுகளைக் கண்டுபிடித்தன. .315 ராணுவம் பயன்படுத்தாத அளவு. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற, ராணுவத் துப்பாக்கியின் அதே லீ போல்ட் அமைப்பில், இந்தத் தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் பூட்டி, வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள். இன்றும் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் .315 வருகிறது, .303 இன்னும் தடை செய்யப்பட்ட அளவுதான். வெள்ளைக்காரன் பயந்த பயம் அவன் போன பிறகும் பத்திரமாக நம்மிடம் இருக்கிறது.

பாய் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். நான் பயந்துகொண்டே நின்றேன். வெளியே இவ்வளவு துரு என்றால் உள்ளே என்ன கதியோ. அவர் என்னையும் பார்க்கச் சொன்னார். முறுக்கு முறுக்காகச் சுழன்று போகும் வரிகள், பளபளவென்று.

"உங்க தாத்தா சுட்டதும் என்ன செய்வாரு?"

ஞாபகம் இருந்தது. பரணிலிருந்து விடியற்காலம் இறங்கி வந்ததும் பாட்டியிடம் சுடுதண்ணீர் கேட்பார். களிக்கு உலை வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு கொடுப்பார் பாட்டி, முணுமுணுத்துக்கொண்டே. தாத்தா வாசல் திண்ணையில் உட்கார்ந்து, புனல் வைத்து, குழல் வழியாக அந்தக் கொதிநீரை ஊற்றுவார். மறுமுனையில் கருப்பாக வந்து, சாம்பலாக வந்து, கடைசியில் தெளிவாக வரும். அப்புறம் கயிற்றில் துணி கட்டி இழுப்பார், எண்ணெய் விடுவார். இரும்புக்குள் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று அப்பாவே கேட்பாராம்.

பாய் மேசையைத் தட்டினார். "அதான். அதான் காப்பாத்தியிருக்கு."

அந்தக் காலத் தோட்டாவின் அடியில் நெருப்புப் பிடிக்கிற சின்ன மூடியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். கிட்டத்தட்ட நம் சமையல் உப்புக்குச் சித்தப்பா பிள்ளை. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, ஓரிரு நாளில் இரும்பை அரிக்க ஆரம்பித்துவிடும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொண்ட பணக்கார வீட்டுத் துப்பாக்கிகள் பல, உள்ளே அம்மைத் தழும்பாகக் கிடக்கும் என்றார் பாய். தாத்தாவுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வழியில்லை. விற்ற ஆள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பாட்டியின் உலைத்தண்ணீர்தான் அந்தக் குழல்.

*

சனிக்கிழமைதோறும் போனேன். வேலையை அவர் செய்வார், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எடுத்துக் கொடுத்து, துடைத்துக் கொடுத்து, டீ வாங்கி வருவேன். நாலு மாதம் ஓடியது. இதில் பாதி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்று போகப் போகத்தான் புரிந்தது. ஒரு திருகாணியைக் கழற்றுவதற்கு முன் பாய் கால் மணி நேரம் அதைப் பார்ப்பார். அதன் தலையில் இருக்கும் கீறலின் அகலத்துக்கும் நீளத்துக்கும் சரியாகப் பொருந்துகிற வரைக்கும் ஒரு திருப்புளியின் முனையை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். அவர் டப்பாவில் இருந்த 40 சொச்சம் திருப்புளிகளில் ஒன்றுகூடக் கடையில் விற்கிற வடிவத்தில் இல்லை. நாம் வாங்குவது ஆப்பு மாதிரி முனை நோக்கிச் சரியும், கீறலின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து வழுக்கும். அவருடையவை முனைப் பக்கம் இரண்டு முகமும் இணையாக இருக்கும். "திருகாணித் தலை கெட்டுப்போன துப்பாக்கியைப் பாத்தா, அந்த வீட்டு ஆம்பளைங்க எப்படிப்பட்டவங்கன்னு சொல்லிடலாம்" என்பார். எங்கள் துப்பாக்கியில் 2 தலை கெட்டிருந்தது. நான் அதைச் சித்தப்பா கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பின்கட்டையைக் கழற்றும் முன் முன்கட்டையைக் கழற்றினார். சில லீ வகைகளில், பின்கட்டைக்குள் நெடுக ஓடுகிற போல்ட்டின் முனை முன்கட்டையில் இருக்கும் தகட்டில் பிடித்திருக்கும். அது தெரியாமல் பின்னாலிருந்து திருகினால் முன்கட்டை உள்ளே பிளந்துவிடும். எது எந்த வகை என்று தெரியாதபோது முன்கட்டைதான் முதலில். நல்லவேளை நான் உப்புத்தாளோடு நிறுத்திக்கொண்டேன்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரும்புத் தகடு மூடியிருந்த இடத்தில் மரம் வேறு நிறத்தில் இருந்தது. வெயிலும் வார்னிஷும் சித்தப்பாவும் தொடாத வால்நட். சிவப்பு கலந்த பழுப்பு, அங்கங்கே புகை மாதிரி கருப்பு ஓட்டம். கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று முழுக் கட்டையும் இந்த நிறத்தில்தான் இருந்திருக்கும். "இதான் நமக்கு சாம்பிள்" என்றார்.

ஆனால் அந்த நிறத்துக்கே கொண்டுபோகவில்லை. அங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது, இரண்டு மூன்று சனிக்கிழமை நடந்தது. எனக்குப் புதுசு மாதிரி வேண்டும். தேய்த்தது தேய்த்தாயிற்று, இன்னொரு பக்கத்தையும் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்பது என் வாதம். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "புதுசு வேணும்னா புதுசு வாங்கிக்க தம்பி, இஷாப்பூர்ல போட்டுக் குடுக்கிறான்." வலது பக்கம் கன்னம் படுகிற இடத்தில் தாத்தாவின் எண்ணெய்த் தலையும் வியர்வையும் சேர்ந்து ஒரு கருமை ஏறியிருந்தது. அது போகக் கூடாது என்றார். பரணின் கம்பில் உராய்ந்து முன்கட்டையின் அடியில் குழிந்திருந்தது, அதுவும் அப்படியே. இரும்பில் தேய்ந்து வெளுத்த விளிம்புகளும் அப்படியே. எடுக்க வேண்டியது துரு, வார்னிஷ், அழுக்கு. பஃபிங் வீலைக் காட்டி, "இந்தச் சனியனை வெச்சு ஒரு சுத்து சுத்தினா கண்ணாடியாயிடும், பர்மிங்ஹாம் முத்திரையும் சேர்ந்து மறைஞ்சிடும்" என்றார். 1813-இல் இருந்து அங்கே ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. அளவுக்கு மீறிய வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் கிரீடம் போட்ட முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரை மழுங்கிய துப்பாக்கிக்குச் சந்தையில் மதிப்பு இறங்கிவிடும்.

விற்கவா போகிறேன், என்று கேட்டேன். "விக்கிறவன் மட்டுந்தான் மதிப்பு பாக்கணுமா?" என்று திருப்பிக் கேட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

நசுங்கல்களை எடுக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. இது எல்லாரும் வீட்டு மரச்சாமானில் செய்து பார்க்கலாம். ஈரத்துணியை மடித்து நசுங்கிய இடத்தில் போட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையை அதன் மேல் வைத்தால், ஆவி உள்ளே போய் அமுங்கிய நார் ஊதி எழும். இட்லி உப்புகிற மாதிரி கண்ணெதிரே எழும். ஆனால் அமுங்கிய இடம்தான் எழும், வெட்டுப்பட்ட இடம் எழாது. நார் அறுந்துவிட்டால் ஆவிக்கு அங்கே வேலை இல்லை. அப்படி எழாமல் நின்ற 2 வெட்டுகளை விட்டுவிட்டோம். இரும்போடு ஒட்டும் இடத்தில் பழைய எண்ணெய் ஊறிக் கருத்திருந்ததை, சாக்பீஸ் பொடியில் ஸ்பிரிட் விட்டுக் குழைத்து அப்பி, மொட்டை மாடியில் கிருஷ்ணகிரிச் சித்திரை வெயிலில் வைத்தோம். வெள்ளைப் பற்று சாயங்காலத்துக்குள் பழுப்பாகும். உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். 6 முறை.

*

தோல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் தாத்தா பரணிலிருந்து இறங்கும்போது வழுக்கி, துப்பாக்கி பாறையில் விழுந்து, கைப்பிடி நெடுக விரிசல் விட்டுவிட்டது. பட்டணத்துக்கு எடுத்துப் போக நேரமில்லை, கதிர் முற்றி நிற்கிறது. ஆசாரி வச்சிரம் காய்ச்சி ஒட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. எங்கள் ஊரில் மேளத்துக்குத் தோல் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஆட்டின் பச்சைத்தோலை ஈரத்தோடு கைப்பிடியைச் சுற்றி இழுத்துப் பிடித்து, அடிப்பக்கம் நரம்பால் தைத்துவிட்டார். தோல் காயக் காயச் சுருங்கி இரும்பு வளையம் மாதிரி இறுகிக்கொண்டது. அப்புறம் 60 வருடத்துக்கு அந்த விரிசல் அசையவில்லை. உலகத்தில் பச்சைத்தோல் கிடைக்கிற இடமெல்லாம் துப்பாக்கிக்குச் செய்திருக்கிற வைத்தியம்தான் இது என்று பாய் சொன்னார். அவருக்கு அந்தத் தையல் மேல் அவ்வளவு மரியாதை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே இழுவை, எங்கயும் தளரல" என்றார்.

அதே மூச்சில் "எடுத்துடணும்" என்றும் சொன்னார்.

நான் முடியாது என்றேன். கன்னம் பட்ட கருமையை வைக்கச் சொல்கிறவர் இதை எப்படி எடுக்கச் சொல்லலாம்? அவர் ஒரு மெல்லிய தகட்டைத் தோலின் ஓரத்தில் நுழைத்து வெளியே எடுத்துக் காட்டினார். சிவப்புத் துரு ஒட்டியிருந்தது. தோல் அந்த 14 மாத ஈரத்தையும் குடித்து, இரும்பின் விளிம்பில் பிடித்து வைத்திருக்கிறது. "கருப்பு எதையும் திங்கல. இது திங்குது." இரண்டுக்கும் அவர் வைத்திருந்த வித்தியாசம் அவ்வளவுதான். நான் ஒரு வாரம் டைம் கேட்டேன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை சரி என்றேன்.

தோலை வெட்டவில்லை. அடித்தையலின் நரம்பை மட்டும் ஒவ்வொன்றாகச் சவர பிளேடால் அறுத்தார். 23 தையல், எண்ணினேன். வெதுவெதுப்பான ஆவி காட்டி மெல்ல விரித்ததும், கைப்பிடியின் வடிவத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, நண்டு கழற்றிப் போட்ட ஓடு மாதிரி முழுசாக வந்தது. அதற்கு அடியில் இருந்ததைப் பார்த்து இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். வெளியே மற்ற இடமெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட கைப்பிடிக் கீறல் வேலை, குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன வைரங்களாக வெட்டுவார்களே அந்தச் செக்கரிங், இங்கே கம்பெனியில் வெட்டிய அன்று இருந்த கூர்மையோடு இருந்தது. அந்த வைரங்களின் இடுக்குகளில் சிவப்பாக ஏதோ.

"இங்கயுமா துரு ஏறியிருக்கு?" பாய் ஊசியால் ஒரு இடுக்கிலிருந்து கிளறி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குங்குமம் பாய்."

தோலின் தையல் இடுக்கு வழியே வருடா வருடம் இறங்கியிருக்கிறது. அம்மா வைத்தது, அதற்கு முன் பாட்டி வைத்தது. பாய் ஒரு நிமிடம் யோசித்தார். பல் துலக்கும் பிரஷை எடுத்தார், வைத்தார். "இது எதையும் திங்காது" என்று சொல்லிவிட்டு விரிசலைப் பார்க்கப் போனார். மேலோட்டமாகத் துடைத்ததோடு சரி. இன்றைக்கும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இடுக்குகளில் சிவப்பு தெரியும்.

விரிசலுக்குள் ஆசாரியின் பழைய வச்சிரத்தைச் சுடுநீர் விட்டுக் கரைத்து எடுத்து, எப்பாக்ஸி விட்டு, ரப்பர் டியூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கி, இரண்டு நாள். உள்பக்கமாக ஒரு பித்தளைக் கம்பி. வெளியே ஒரு முடி மாதிரி கோடு மட்டும் தெரிகிறது.

*

இரும்புக்கு நிறம் ஏற்றுவது பெரிய வேலை, அதில் நாங்கள் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டோம். பழைய ரைபிள் குழலின் அந்தக் கருநீலம் பெயின்ட் கிடையாது, துருவேதான். துருவை வைத்தே துருவை நிறுத்துவது. இரும்பை எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, அமிலக் கலவையை மெல்லத் தடவி, ஈரக்காற்று உள்ள பெட்டியில் சில மணி நேரம் விட்டால், சீராகச் செந்துரு பூக்கும். அந்தக் குழலை அப்படியே கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிடம் போட்டால் செந்துரு கருந்துருவாக மாறிவிடும். செந்துரு இரும்பைத் தின்னும், கருந்துரு காக்கும். மேலே நிற்கும் கரும்பொடியை மெல்லிய இரும்புப் பஞ்சால் துடைத்துவிட்டு, மறுபடி தடவு, மறுபடி துருப்பிடிக்க விடு, மறுபடி கொதிக்க வை. முதல் சுற்றில் சாம்பலாக, மூன்றாவதில் அழுக்காக, ஆறாவது ஏழாவதில் திடீரென்று ஆழமாக நிறம் இறங்கும். சுடச் சுட உப்புக் காரத்தில் முக்கி அரை மணியில் முடிக்கிற முறையும் உண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கியை அதில் முக்கினால் இரண்டு குழலையும் ஒட்டியிருக்கும் ஈயப்பற்றைக் காரம் தின்றுவிடும் என்பதால் பாய் அந்தத் தொட்டியையே வைத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் மாட்டியது தண்ணீரில். முதல் நாள் பட்டறையின் போர் தண்ணீரைத்தான் தொட்டியில் நிரப்பினோம். கொதித்து எடுத்ததும் குழல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேமல். நம் மாவட்டத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. பல்லில் காவி ஏறி வளர்ந்த தலைமுறை நாங்கள், ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். "பல்லையே விடாத தண்ணி, இரும்பை விடுமா?" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். தேமலை எடுக்க முதலில் இருந்து. அடுத்த முறை ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துப் பார்த்தோம், பரவாயில்லை, ஆனாலும் ஓரத்தில் கோடு விழுந்தது. கடைசியில் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் கேனாக வாங்கி ஊற்றினேன். கடைக்காரர் எத்தனை இன்வெர்ட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

7 சுற்று. ஏழாவது முறை துடைத்து எண்ணெய் தடவியதும், மழைக்கு முந்தின மேலகிரி மலை மாதிரி ஒரு நிறம். முழுசாக ஒன்றும் மறையவில்லை. சுவரில் சாய்ந்திருந்த கோட்டில் துரு குழித்த புள்ளிகள் இருக்கின்றன. அதை மறைக்க இரும்பை இறக்கித் தேய்க்க வேண்டும், அதற்குப் பாய் சம்மதிக்கவில்லை, நானும் இந்த முறை கேட்கவில்லை.

கட்டைக்கு எண்ணெய் நான் வீட்டில் போட்டேன். பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், நம் ஆளிவிதை எண்ணெய்தான். 4 சொட்டுப் போதும். உள்ளங்கையில் விட்டு, சூடு வரும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துணியால் முழுக்க எடுத்துவிட வேண்டும். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றைக் குடித்து இறுகுகிறது, அப்போது சூடு கிளப்புகிறது. நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். பாய் எச்சரித்திருந்தும் ஒரு நாள் துணியைப் பந்தாகச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டேன், ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் வடை மாதிரி சுட்டது. அதற்கு அப்புறம் கொடியில் விரித்துத்தான் போட்டேன். அம்மா அது ஏதோ வேஷ்டி என்று இரண்டு தடவை துவைத்துவிட்டார்.

பழைய கணக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரம் ஒரு முறை, ஒரு வருடம் மாதம் ஒரு முறை, அப்புறம் ஆயுள் முழுக்க வருடம் ஒரு முறை. நான் மாதக் கணக்கில் இருந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது.

துப்பாக்கியை வரிசையில் சாய்த்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். குழலுக்கு வைத்தார். விசைக்கு மேலே வைத்தார். கைப்பிடிக்கு வந்ததும் கை நின்றது.

"தோலு எங்கடா?"

விளக்கினேன். ஈரம், துரு, விரிசல், பித்தளைக் கம்பி. அம்மா கேட்டுக்கொண்டே கைப்பிடியைத் தடவினார். செக்கரிங் விரலில் சுரசுரவென்று பட்டிருக்கும். "முள்ளு முள்ளா இருக்கு" என்றார். சந்தனத்தை இப்போது வைக்க வேண்டாம் அம்மா, எண்ணெய் இன்னும் முழுசாக இறுகவில்லை என்றேன்.

"சரி, தோலை எங்க வெச்சிருக்க?"

பீரோவிலிருந்து எடுத்து வந்தேன். ஒரு ஷூ டப்பாவில், பழைய வேஷ்டித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அம்மா டப்பாவை வாங்கி, துணியை விரித்து, துப்பாக்கிக்குப் பக்கத்தில், மண்வெட்டிக்கு முன்னால் வைத்தார். பூஞ்சையை முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். மூன்றாவது பொட்டைத் தோலின் மேல் வைத்துவிட்டு, தம்பியின் லேப்டாப்புக்குப் போனார்.